ஏறும், ஆனால் நிற்காது

இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, வண்டியின் பின்பக்கம் வந்து நிற்பதற்குள் சட்டிக் கலப்பை தரையைத் தொட்டிருக்கும். தடாலென்று விழாது. யாரோ கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கி வைத்ததுபோல மெல்ல இறங்கும். எங்கள் பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட் இப்படி ஒரு வருடத்துக்கு மேல் என்னைப் படுத்தியெடுத்தது. அந்த ஒரு வருடத்தில் புது பம்ப் போட்டோம், அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வை மாற்றினோம், மூன்று முறை ஆயிலை வடித்து ஊற்றினோம். பழுது இருந்த இடம் இவற்றில் எதுவுமே இல்லை.

பழைய டிராக்டர் வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் லிஃப்ட் தூக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். "பம்ப் போயிருக்கும்" என்பார்கள். பம்ப் போவதும் உண்டுதான். ஆனால் அது போகும் முன் போகக்கூடியவை ஏழெட்டு இருக்கின்றன. அவற்றில் எது என்பதை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், வண்டியின் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றே பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். எனக்கு அது தெரிய ஒரு வருடம் ஆனது. தெரிந்ததை எழுதி வைத்தால் இன்னொருவருக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகும் என்று தோன்றியது.

முதலில் லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அடிப்படையில் அது ஒரு ஜாக்கிதான். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டனை நகர்த்துகிறது. பிஸ்டன் ஒரு தண்டை உந்துகிறது, அந்தத் தண்டு சீட்டுக்கு அடியில் இருக்கும் குறுக்குத் தண்டைத் திருப்புகிறது, குறுக்குத் தண்டின் இரண்டு முனைகளிலும் மாட்டியிருக்கும் லிஃப்ட் கைகள் எழுகின்றன. இறக்கும்போது பம்புக்கு வேலையே கிடையாது. வால்வு திறந்து ஆயிலை வெளியே விட, கலப்பை தன் எடையாலேயே இறங்கிவிடும். பெரும்பாலான பழைய வண்டிகளில் இருப்பது ஒருவழி சிலிண்டர். அதற்குத் தூக்க மட்டும்தான் தெரியும், அழுத்தத் தெரியாது. அதனால் கலப்பை மண்ணுக்குள் போகவில்லை என்பதற்காக லிஃப்ட்டைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை. கலப்பையின் எடை, முனையின் கூர்மை, கலப்பையின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் தண்டின் நீளம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே நடக்கும் அழுத்தத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன் என்றால் அதன் முகப்பு 44 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 150 பார் அழுத்தம் விழுந்தால் ஆறரை டன்னுக்கு மேல் தள்ளுவிசை கிடைக்கிறது. குட்டையான பக்கத்தில் தள்ளி நீளமான பக்கத்தில் தூக்குவதால் அது குறைந்து, கலப்பையைக் கீழே தாங்கும் லோயர் லிங்க் தண்டுகளின் முனைக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு டன்னைத் தூக்கும் அளவாக நிற்கும். அந்த 150 பாரையும் சிலிண்டருக்குள் கட்டிப்போட்டு வைப்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் ஓ-ரிங்கும் அதற்குத் துணையாக ஒரு தோல் வளையமும்தான். சில பழைய வண்டிகளில் இஞ்சின் பிஸ்டனில் இருப்பதுபோல இரும்பு ரிங் இருக்கும். எதுவாக இருந்தாலும் அதைத் தாண்டிக் கசியும் ஆயில் வெளியே சொட்டாது. கியர்களும் ஆயிலும் இருக்கும் பின்பக்கப் பெட்டிக்குள்ளேயே சிலிண்டர் தொங்குவதால், கசிந்த ஆயில் கீழே இருக்கும் ஆயிலிலேயே விழுந்துவிடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. ஆயில் மட்டமும் குறையாது. இந்தப் பழுது இத்தனை நாள் கண்ணில் படாமல் ஒளிந்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். ஹாரி ஃபெர்குசன் 1920களில் உருவாக்கத் தொடங்கி, 1939-ல் வந்த ஃபோர்டு 9என் வண்டியிலும் 1946-ல் வந்த டிஇ20 வண்டியிலும் உலகமெல்லாம் பரவிய அமைப்பில் பம்ப் கண்ணுக்கே தெரியாது. பின்பக்கப் பெட்டியில், ஆயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். கன்ட்ரோல் வால்வு பம்பின் உறிஞ்சும் வாயில் இருக்கும். லீவர் நடுவில் நிற்கும்போது வால்வு அந்த வாயை அடைத்துவிடும். பம்ப் சுற்றிக்கொண்டே இருந்தாலும் ஆயில் ஓடாது. பின்னால் வந்த பல வண்டிகளிலும் இதே வழிதான். எங்களுடையதும் இந்த ரகம். இன்னொரு ரகத்தில் இஞ்சினோடு சேர்ந்து ஓடும் கியர் பம்ப் இருக்கும். அது சதா ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை இல்லாதபோது வால்வு அந்த ஆயிலைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். ஒரு ரகத்துக்குச் சொல்லும் வைத்தியம் மற்றதற்குப் பொருந்தாது. பக்கத்து வண்டிக்காரர் நல்ல மனதோடு சொல்லும் யோசனை நமக்குப் பலிக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

லிஃப்ட் அசையவே இல்லை என்றால் பயப்படுவதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆரம்பகால ஃபெர்குசன் வகை வண்டிகளில் பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுதான் பம்பையும் சுழற்றும். பி.டி.ஓ. லீவர் விலகியிருந்தால் லிஃப்ட் செத்ததுபோலக் கிடக்கும். ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்ச்சை மிதித்தாலும் பம்ப் நின்றுவிடும். டிப்பர் ட்ரெய்லருக்கு ஆயில் கொடுக்கும் திருப்பு வால்வு இருந்தால் அது முழுக்க லிஃப்ட் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றாலே லிஃப்ட் சோர்ந்துபோகும். இரண்டு லீவர் உள்ள வண்டிகளில், ஒரு லீவர் தன் இடத்தில் இல்லாவிட்டால் மற்றது சொன்னபடி கேட்காது. கை நிற்கும் உயரத்தை வைக்கும் பொசிஷன் லீவரைக் கடைக்கோடி வரை தள்ளிவிட்டால் பம்ப் நிற்காமல் ஆயிலை அனுப்பும் நிலைக்குப் போய்விடும் வண்டிகளும் உண்டு. டிப்பருக்காக அப்படித் தள்ளிவைத்து, பிறகு மறந்து, லிஃப்ட் கத்துகிறது என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைகளை முழுக்க இறக்கிவிட்டுத்தான் மட்டம் பார்க்க வேண்டும். கைகள் மேலே இருந்தால் கொஞ்சம் ஆயில் சிலிண்டரில் இருக்கும், குச்சி தப்பான கணக்குச் சொல்லும். பார்த்த குச்சியை உடனே துடைத்துவிடாதீர்கள். வெயிலில் காட்டி நிறத்தைப் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழைத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். மூடாமல் வெளியே நிறுத்திய வண்டியில் பனி உள்ளே வேர்த்துச் சேர்ந்திருக்கலாம். தண்ணீர் கலந்த ஆயிலோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் வால்வு துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். ஏற்றிய கை இறங்காமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட வண்டியில்தான். பின்பக்கப் பெட்டிக்கு எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேடு சொல்வதுபோலவே ஊற்றுங்கள். பிரேக் அதே ஆயிலுக்குள் நனைந்து ஓடும் வண்டிகளில் தவறான ஆயில் லிஃப்ட்டை மட்டுமல்ல, பிரேக்கையும் கெடுக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் இனி காதுக்கு வேலை. இதில்தான் எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் கழற்றாமலே இவ்வளவு சொல்லும் சாட்சி வேறு எதுவும் இல்லை. கலப்பையை மாட்டி, இஞ்சினை மிதமான வேகத்தில் வைத்து, லீவரை மேலே தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

சீறல் ஒன்று உண்டு. விசிலுக்கும் முனகலுக்கும் நடுவில், ஒரே சுருதியில் வரும். அது ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் தள்ளும் சத்தம். இது வந்தால் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது, ஆனால் ஆயில் போக வழியில்லை என்று அர்த்தம். சுமை மிக அதிகமாக இருக்கலாம், லிஃப்ட் கை எங்காவது முட்டிக்கொண்டிருக்கலாம், ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்து சீக்கிரமே திறக்கலாம். கை முழு உயரத்துக்குப் போன பிறகு சீறல் நிற்காமல் தொடர்ந்தால், கை உச்சிக்கு வந்ததும் வால்வை மூடச் சொல்ல வேண்டிய உள் இணைப்பின் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கிறது. அப்படியே விட்டு ஓட்டினால் ஆயில் கொதித்துப்போகும்.

இன்னொரு சத்தம் கரகரப்பு. பம்புக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கும். அது பம்ப் ஆயிலுக்குத் தவிக்கும் சத்தம். ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெயினர் அடைத்திருக்கும், அல்லது ஆயில் மட்டம் இறங்கியிருக்கும், அல்லது உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று நுழையும். காற்று நுழைந்தால் ஆயிலில் நுரை கட்டும், கையும் ஒரே சீராக ஏறாமல் துள்ளித் துள்ளி ஏறும். நான்கு பிஸ்டன் பம்புகளில் ஒரு அறையின் வால்வு மட்டும் கெட்டிருந்தாலும் துள்ளல் வரும். ஆனால் அதில் ஒரு தாளம் இருக்கும், காற்றின் துள்ளலில் தாளம் இருக்காது. ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மூன்றாவது, எந்தச் சத்தமும் இல்லாமல் கை எழாமல் இருப்பது. சீறலும் இல்லை, கரகரப்பும் இல்லை. பம்ப் சுற்றவில்லை, அல்லது வால்வு திறக்கவில்லை, அல்லது வரும் ஆயில் முழுவதும் எங்கோ நிம்மதியாக வழிந்துகொண்டிருக்கிறது. எங்கள் வண்டி மத்தியானத்தில் இப்படித்தான் இருந்தது.

மத்தியானத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. காலையில் முதல் ஒரு மணி நேரம் எங்கள் லிஃப்ட் குறை சொல்ல முடியாதபடி தூக்கும். பெட்டி சூடேற ஏறத் தளரும். வெயில் உச்சிக்கு வரும்போது கலப்பை முழங்கால் உயரத்தைத் தாண்டாது. ஆயில் சூட்டில் இளகும், இளகிய ஆயில் சின்ன இடுக்கிலும் புகுந்து ஓடும். ஆகவே குளிரில் நன்றாகவும் சூட்டில் மோசமாகவும் இருந்தால் உள்கசிவைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, காலையில் சண்டித்தனம் செய்து சூடேறியதும் சரியானால், கெட்டியான ஆயிலை உறிஞ்ச முடியாமல் பம்ப் திணறுகிறது. ஸ்ட்ரெயினரைக் கழற்றிக் கழுவ வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை முதல் நாளே கவனித்திருந்தால் புது பம்பே வாங்கியிருக்க மாட்டேன். கவனிக்கத்தான் செய்தேன், என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை.

முதலில் பார்த்த மெக்கானிக் பம்ப் என்றார். மாற்றினோம். அப்போது நடந்ததைக் கவனியுங்கள்: லிஃப்ட் சரியாகிவிட்டது! பத்து நாள் அருமையாக வேலை செய்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய கதைக்கே வந்துவிட்டது. புது பம்பிலேயே கோளாறு என்று நினைத்து அதன் ரிலீஃப் வால்வை மாற்றினோம். உண்மையில் நடந்தது என்னவென்றால், புது பம்ப் பழையதைவிட அதிகமாக ஆயிலைத் தள்ளியது. ஓட்டைப் பானையில் வேகமாகத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் நிறைந்திருக்குமே, அதுபோல கசிவை மிஞ்சி அது தூக்கியது. ஓட்டை பெரிதானதும் புது பம்பும் தோற்றுவிட்டது. ஒரு பாகத்தை மாற்றியதும் குணம் தெரிகிறது என்பதால் மட்டும் பழுது அதில்தான் இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது என்பதை அந்தப் பத்து நாள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பிறகு, இந்த வகை வண்டிகளிலேயே வாழ்நாளைக் கழித்த வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். வந்தவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. கலப்பையை மேலே ஏற்றி, இஞ்சினை அப்படியே ஓடவிட்டு, லிஃப்ட் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை மேலே நின்றபடி ஒரு சின்னக் குதி குதித்தது. இரண்டு மூன்று விநாடி அமைதி. மறுபடி ஒரு குதி.

"எத்தன நாளா இந்த விக்கல், தம்பி?"

"அது ரொம்ப நாளா இருக்குண்ணே. பழைய வண்டின்னா அப்படித்தான்னு விட்டுட்டோம்."

"டிப்பர் ட்ரெய்லர் மாட்டுனா முழு லோடு தூக்குதா?"

"தூக்குது. அதுல ஒரு குறையும் இல்ல."

"பழைய பம்ப் இருந்தப்பவும் தூக்குச்சா?"

தூக்கியது. பழைய பம்பிலும் டிப்பர் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. டிப்பருக்குப் போகும் ஆயிலும் லிஃப்ட்டுக்குப் போகும் ஆயிலும் ஒரே பம்பிலிருந்துதான் வருகின்றன. டிப்பர் முழு லோடு தூக்குகிறது என்றால் பம்ப் நல்ல பம்ப், ரிலீஃப் வால்வும் நல்ல வால்வு. அவற்றைக் கழற்றும் முன்பே அவை குற்றமற்றவை என்று வண்டி சொல்லியிருக்கிறது.

அந்த விக்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொசிஷன் கன்ட்ரோலில், லீவரை எங்கே வைக்கிறோமோ அங்கேயே கை நிற்க வேண்டும். கசிவால் கை கொஞ்சம் இறங்கியதும் உள் இணைப்பு அதை உணர்ந்து வால்வைத் திறக்கும். பம்ப் ஆயிலை அனுப்பிக் கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். உடனே வால்வு மூடிக்கொள்ளும். மறுபடி கசிவு, மறுபடி திருத்தம். ஆக ஒவ்வொரு விக்கலும், கசிந்துபோன ஆயிலுக்குப் பம்ப் ஈடுகட்டும் ஒரு தவணை. நிமிடத்துக்கு ஒன்று என்றால் பழைய வண்டியில் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று விநாடிக்கு ஒன்று என்றால் உள்ளே வாய்க்கால் ஓடுகிறது.

அடுத்து அவர் செய்தது, இனி யார் லிஃப்ட் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் செய்யச் சொல்லும் சோதனை. கலப்பையை முழுக்கத் தூக்கி, இஞ்சினை அணைத்து, லோயர் லிங்க் முனையிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் வண்டியில் 60 சென்டிமீட்டர் இறங்க 40 விநாடி ஆனது. இஞ்சின் ஓடாதபோது பம்புக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சிலிண்டரில் அடைபட்ட ஆயில் தப்பிப்போக நான்கு வழிகள்தான் உண்டு: பிஸ்டனின் ஓ-ரிங்கைத் தாண்டி, சிலிண்டருக்கு என்று தனியாகப் பாதுகாப்பு வால்வு இருந்தால் அதன் வழியாக, பம்புக்கும் சிலிண்டருக்கும் இடையே ஆயிலைக் கொண்டுபோகும் குழாயின் ஓ-ரிங் வழியாக, அல்லது ஆயில் திரும்பாமல் தடுத்துப் பிடிக்க வேண்டிய வால்வுகளின் வழியாக. சிலிண்டருக்கு முன்னால் அடைப்பு வால்வு உள்ள வண்டியாக இருந்தால், கையை ஏற்றிவிட்டு அதை மூடிப் பாருங்கள். மூடிய பிறகும் இறங்கினால் பழுது சிலிண்டர் பக்கம். நின்றுவிட்டால் வால்வு பக்கம். எங்கள் வண்டியில் அப்படி ஒரு வால்வு இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஆயில் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சிலிண்டரின் வாயிலிருந்து ஆயில் வழிவது கண்ணுக்கே தெரியும். வழிந்தது. சொட்டுச் சொட்டாக அல்ல, நூல் பிடித்ததுபோல.

திறக்கும் முன் பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. ஹைட்ராலிக்கை நம்பி, தூக்கி நிற்கும் கலப்பையின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள். வேலை செய்வதற்கு முன் கலப்பையைத் தரையில் இறக்குங்கள், இறக்க முடியாவிட்டால் கனமான முட்டுக் கொடுங்கள். வெளிக் குழாயில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையிலிருந்து இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் பார்த்தால் முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகமாக இருக்காது, அதனால் சும்மா இருந்துவிடுவார்கள். ஆனால் உள்ளே தசை அழுக ஆரம்பித்து விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். அட்டை நனையும் இடத்துக்கு நேரே துளை இருக்கும்.

சரி, திறந்தோம். சீட்டைக் கழற்றி, லிஃப்ட் ராடுகளை விடுவித்து, டாப் லிங்கை எடுத்தோம். எங்கள் வகையில் லிஃப்ட் கவரைத் தூக்கும் முன், மேலே ஒரு சின்ன மூடியைக் கழற்றி, பம்பிலிருந்து வரும் நிற்கும் குழாயை மேலே உருவ வேண்டும். இதை மறந்துவிட்டுக் கவரை நெம்பினால் குழாய் வளைந்துவிடும். கவர் ஆள் தூக்கும் எடை இல்லை, செயின் பிளாக் போட்டுத்தான் எடுத்தோம். குழாயின் இரண்டு ஓ-ரிங்குகளும் வளைத்தால் ஒடியும் அளவுக்கு இறுகிப் போயிருந்தன. கவரைத் தலைகீழாகத் திருப்பினால் சிலிண்டர் அதன் வயிற்றில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, வாயைக் கீழே பார்த்தபடி பிடித்து மரப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிஸ்டன் நழுவி வெளியே வந்தது.

அதைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். ஒரே பள்ளத்தில் ஓ-ரிங்கும் தோல் வளையமும். ஓ-ரிங் உருண்டையாகவே இல்லை. ஒரு பக்கம் சப்பையாகி, விளிம்பு முழுக்கச் சிறு சிறு துணுக்குகளாகப் பிய்ந்திருந்தது, எலி கொறித்த கயிறுபோல. "எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு" என்றார். தோல் வளையம் ஆயில் தள்ளும் முகத்தின் பக்கம் இருந்தது. எப்போதோ யாரோ பிரித்து வேலை செய்தபோது மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அது இருக்க வேண்டியது மறுபக்கம். அழுத்தம் ஓ-ரிங்கைத் தள்ளும்போது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளிக்குள் ரப்பர் பிதுங்கிவிடாமல் பின்னாலிருந்து அணை கட்டுவதுதான் தோல் வளையத்தின் வேலை. அதை முன்னால் போட்டுவிட்டால் ஓ-ரிங்குக்கு முதுகில் ஆதரவு இல்லை. ஒவ்வொரு முறை கலப்பையைத் தூக்கும்போதும் ரப்பர் கொஞ்சம் அந்த இடுக்கில் பிதுங்கி நறுக்கென்று வெட்டுப்படும். புது ஓ-ரிங் போட்டிருந்தால்கூட, இதே வரிசையில் போட்டால், அதுவும் சீக்கிரமே இந்தக் கதிக்குத்தான் வந்திருக்கும்.

சிலிண்டரின் உள்சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு தெரிந்தது. அவர் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்தார். நகம் மாட்டினால் சிலிண்டரை மாற்ற வேண்டும், மாட்டாமல் வழுக்கினால் தேய்த்துச் சரிசெய்து போட்டுக்கொள்ளலாம் என்றார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். வழுக்கியது. மெல்லிய உப்புத்தாளை ஆயிலில் நனைத்துச் சுற்றிலும் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாமல் வரும்வரை துடைத்தார். புதுத் தோல் வளையத்தை ஆயிலில் ஊறவிட்டு, சரியான வரிசையில் இரண்டையும் மாட்டி, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் ஏற்றும்போது வளையம் மடங்காமல் விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தி உள்ளே விட்டார். அந்த ஒரு வேலைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் கவரின் போல்ட் எல்லாவற்றையும் கழுவி முடித்துவிட்டேன்.

திரும்ப மூடும்போது கவனம் இரண்டு மடங்கு வேண்டும். கவரிலிருந்து தொங்கும் உள் இணைப்புகள் பம்பின் வால்வோடு சரியான இடத்தில் சேர வேண்டும். தவறாக உட்கார்ந்தால் லிஃப்ட் ஏறவே ஏறாது, அல்லது ஏறினால் நிற்காமல் சீறும். கவரை இறக்கிய பிறகு பக்கவாட்டு மூடி வழியாக டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து, ஒருவர் லீவரை அசைக்க ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதே கையோடு டாப் லிங்க் மாட்டும் இடத்திலுள்ள பெரிய ஸ்பிரிங்கையும் பார்த்தார். மண்ணின் இழுவையை உணர்ந்து கலப்பையின் ஆழத்தைச் சரிசெய்வது அந்த ஸ்பிரிங்தான். அதை முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். ஆட்டம் இருந்தால் கலப்பை ஒரே ஆழத்தில் ஓடாமல் மூழ்கி மூழ்கி எழும். எங்களுடையதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, இறுக்கினோம்.

ஆயில் ஊற்றி, இஞ்சினை ஓட்டி, சுமை இல்லாமல் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கினோம். முதல் சில தடவை கை துள்ளியது, காற்று வெளியேறியதும் சீரானது. அப்புறம் கலப்பையை மாட்டித் தூக்கி, ஓடும் இஞ்சினோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். கை அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். விக்கல் இல்லாத லிஃப்ட்டை அந்த வண்டியில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இஞ்சினை அணைத்துவிட்டு அளந்தோம். ஒரு மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. "ராத்திரி முழுக்க நின்னு காலையில எறங்கியிருந்தா அத பழுதுன்னு நெனைக்காத" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கழற்றிய பழைய பம்பைத் துடைத்து, ஆயில் தடவி, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அது நல்ல பம்ப். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் அன்று எழுதிய வரி இன்னும் இருக்கிறது: 1 மணி நேரம், 2 செ.மீ. வருடத்துக்கு ஒருமுறை, உழவு தொடங்கும் முன், அதே கலப்பையை மாட்டி அதே உயரத்தில் தூக்கி அளந்து அதன் கீழே அடுத்த வரியை எழுதுகிறேன். போன வருடம் 3. இந்த வருடமும் 3தான். குறுக்குத் தண்டின் வலது பக்க ஆயில் சீல் மட்டும் லேசாக வேர்க்கிறது, அதை அடுத்த மாதம் மாற்ற வேண்டும்.